சத்தம் போட்டுப் பார்த்த வீடு

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்துவிடும். டயாலிசிஸ் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்கள் அவளுக்கு ஊசி என்று பேர் வைத்திருந்தார்கள். எத்தனை தழும்பேறிய கையாக இருந்தாலும் ஒரே குத்தில் ரத்தக்குழாயைப் பிடித்துவிடுவாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் எதிரில் யாரும் சொன்னதில்லை.

விவாகரத்துக்குப் பிறகு அவளும் மகளும் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலை ஷிப்டை முடித்துவிட்டு மதியம் வீடு திரும்பியிருக்கிறாள். லிஃப்ட் பழுது. படியேறும்போது பின்னாலேயே ஒருவன் வந்திருக்கிறான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் பையைப் பிடித்து இழுத்தான். விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அப்புறம் எல்லோரும் சொன்னோம். அவள் விடவில்லை. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், எலும்பு உடைந்தது. அடித்தொண்டையிலிருந்து கத்தியிருக்கிறாள். அந்த மாடியில் ஒரு வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்ததாம். அவள் கத்தியதும் அது நின்றது. கதவு திறக்கவில்லை.

அவன் பையோடு ஓடிவிட்டான். மாவுக்கட்டோடு அவள் வீடு வந்து சேர்ந்த அன்று மாலை, அதே மாடிக்காரர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக நலம் விசாரிக்க வந்தார்கள். விவாகரத்தான புருஷன்தான் வந்து தகராறு பண்ணுகிறார், நடுவில் போனால் நன்றாக இருக்காது என்று நினைத்துவிட்டார்களாம். அக்கா எழுந்து பழப்பையை எடுத்து, கொடுத்தவர் கையிலேயே திருப்பி வைத்தாள். நல்ல கை ஒன்றுதான் இருந்தது, அதனால் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் அதுவரை நின்றுகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அதைவிட வலித்தது அண்ணனின் போன். தனியாக எதற்குப் படியேறினாய் என்றுதான் அவன் முதலில் கேட்டான். வீட்டுக்குப் போகப் படியேறினேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு வேறொரு நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து டயாலிசிஸ் பிரிவையே பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மகளுக்கும் அங்கேயே கல்லூரியில் இடம் கிடைத்தது. அண்ணன் அந்த நகரத்தில் பல வருடமாக இருப்பவன். வீடு பார்க்கிற வேலையை அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். இந்த முறை தங்கச்சியைப் பத்திரமான இடத்தில் வைக்காமல் விடுவதில்லை என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் வர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் துணைக்குப் போனேன்.

அண்ணன் எங்களைக் காரில் ஏற்றியதுமே போனை நீட்டினான். நகரத்தின் வரைபடம். பத்திரமான பகுதிகள் பச்சை, மோசமான பகுதிகள் சிவப்பு. அவன் பார்த்து வைத்திருந்த குடியிருப்பு அடர் பச்சையில் இருந்தது. இந்தப் பச்சையை யார் அடித்தது என்று அக்கா கேட்டாள். அங்கே குடியிருப்பவர்களே போடுகிற மதிப்பெண் என்றான். "அவங்க வீட்டை விக்கணும்னா அவங்க வேற என்ன போடுவாங்க?" என்றாள். ஆரம்பமே சரியில்லையே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடியிருப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிய இரும்பு கேட், சீருடை போட்ட காவலாளி, எங்கே திரும்பினாலும் கேமரா, நீச்சல் குளம். புரோக்கர் ஒரு கல்யாண வீட்டு மாமா மாதிரி முன்னால் ஓடி ஓடிக் கதவு திறந்தார். இங்கே எல்லாம் டீசன்டான ஆட்கள், ஒருத்தர் விஷயத்தில் ஒருத்தர் தலையிடவே மாட்டார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று பெருமையாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினான். அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் குரல் இறங்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். ஓய்வு பெற்ற அதிகாரி. தன் அறையில் உட்காரச் சொல்லி விசாரணையை ஆரம்பித்தார். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்றார். "அவர் வீட்ல இருப்பார்" என்றாள் அக்கா. விவாகரத்து ஆனவள் என்று செயலாளருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கேள்விகள் வேறு தினுசில் வந்தன. யார் யார் வந்து போவார்கள், மகளுக்குச் சிநேகிதர்கள் உண்டா, வேலை எத்தனை மணிக்கு. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அக்கா சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொம்பளை ஆள் அந்த நேரத்தில் போய் வந்துகொண்டிருந்தால் மற்றவர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள், குடியிருப்பின் பாதுகாப்பையும் பார்க்கணும் இல்லையா என்றார்.

பாதுகாப்பு தேடி வந்தவளையே ஆபத்தாக்கிவிட்டார் மனுஷன். அக்கா எழுந்து, வீட்டைப் பார்த்துவிடலாம் என்றாள்.

மூன்றாவது மாடி. நீளமான நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பூந்தொட்டி. ஞாயிற்றுக்கிழமை பகல். உள்ளே டிவி ஓடுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், எல்லாம் கேட்கிறது. புரோக்கர் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார். அக்கா தன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். நடையின் நடுவில் போய் நின்றாள். கத்தினாள்.

"யாராவது வாங்களேன். காப்பாத்துங்க. யாராவது வாங்க."

அவள் அன்று படிக்கட்டில் எப்படிக் கத்தியிருப்பாள் என்பதை அப்போதுதான் கேட்டேன். புரோக்கர் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அண்ணன் அவள் தோளைப் பிடிக்கப் போனான். உதறிவிட்டு இன்னொரு முறை கத்தினாள்.

ஒரு வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. எதிர்க்கதவில் பார்க்கிற துளை இருட்டாகி மறுபடி வெளிச்சமானது. கடைசி வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திறக்கிறார்கள் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். உள்ளே மேல்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்டிலிருந்து காவலாளியும் செயலாளரும் வந்தார்கள். யாரோ சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதாகப் புகார் வந்ததாம். செயலாளர் அண்ணனைப் பார்த்து, என்ன சார் குடும்பம் இது என்றார். அக்காவின் குரல் பழையபடி இறங்கிவிட்டது.

"ஒரு பொம்பளை உயிர் போற மாதிரி கத்தியிருக்கேன். ஒரு கதவு திறக்கல. தொந்தரவா இருக்குன்னு சொல்ல மட்டும் உங்களுக்குப் போன் வந்திருக்கு. யார் போன் பண்ணினதுன்னு நான் கேக்கல. இத்தனை கேமரா வச்சிருக்கீங்களே, அதுல என்னைப் பாத்தீங்களா இல்லையா? பாத்துட்டு, கொலையா தகராறான்னு யோசிச்சுக்கிட்டே மெதுவா லிஃப்டுக்கு நின்னீங்களா?"

செயலாளர் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். காவலாளி, தான் கேட்டில் இருந்ததாகவும் சத்தம் அங்கே கேட்காது என்றும் முணுமுணுத்தார். அவரை அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்தான். கத்திப் பார்த்து வீடு பார்க்கிற பைத்தியத்தை உலகத்தில் பார்த்ததில்லை, என் மானத்தை வாங்கிவிட்டாய், எல்லோரும் பயந்துதான் கதவைத் திறக்கவில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா என்றான். அக்கா நின்று கேட்டுக்கொண்டாள். "பயந்தவங்க நடுவுல நான் எதுக்குண்ணா குடியிருக்கணும்? எனக்கே பயம் நிறைய இருக்கு" என்றாள். அப்புறம், "கை உடைஞ்சப்போ நீயும் கதவைத் திறக்கல. ஏன் படியேறினேன்னு கேட்ட" என்றாள். அவன் காரில் ஏறிப் போய்விட்டான். எங்கள் பெட்டிகள் டிக்கியில் இருந்தன. அண்ணிதான் மறுநாள் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவரைப் பற்றித் தெரியாதா என்று இரண்டு பக்கமும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அக்கா எங்கும் கத்தவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தாள். என்னையும் நடக்க வைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் வேகமாக நடக்கிறார்களா, நின்று பேசுகிறார்களா என்று பார்ப்பாள். கடைக்காரர்களிடம் விடியலில் எத்தனை பேர் நடமாடுவார்கள் என்று கேட்பாள். சில தெருக்களைப் பாதியிலேயே வேண்டாம் என்று திரும்பிவிடுவாள். காரணம் கேட்டால் எரிந்து விழுவாள். எதையும் மன்னிக்கிற மனநிலையில் அவள் இல்லை.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெரு. அண்ணன் போனில் சிவப்பாக இருந்த பகுதிதான். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் குடும்பங்கள். வாடகைக்கு என்று எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தபடி நான் உடைந்த சாக்கடை மூடியில் காலை விட்டுவிட்டேன். முட்டி சிராய்த்து ரத்தம். நான் அம்மா என்றதுதான் தாமதம், எதிர்வீட்டிலிருந்து ஒரு கண்டக்டரம்மா செம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். காலைக் கழுவிக்கொண்டே யார், எவர், எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார், ஏன் விட்டுவிட்டீர்கள், மகள் எப்படிப் படிப்பாள் என்று குடைந்து எடுத்துவிட்டார்கள். செயலாளர் கேட்டதைவிடவும் அதிகம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். இந்தத் தொல்லை தாங்காதே என்று நான் காதில் சொன்னேன்.

"தொல்லைதான்" என்றாள். "ஆனா எழுந்து வந்துதானே கேக்கறாங்க."

பலகை தொங்கிய அந்த வீட்டையே எடுத்தாள். நீச்சல் குளத்தின் படத்தைச் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பி வைத்திருந்த மகள், பல நாள் அம்மாவோடு பேசவில்லை. குடிபோன புதிதிலேயே ஸ்கூட்டர் பேட்டரி திருட்டுப் போனது. அண்ணனுக்கு எப்படியோ செய்தி போய், சிவப்பு என்றால் சும்மாவா போடுவார்கள் என்று அண்ணி மூலமாகச் சொல்லி அனுப்பினான். அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேட்டரி மேல் பாதி, அண்ணன் மேல் பாதி. தெருக்காரர்கள் ஆளுக்கொருவன் பேரைச் சொன்னார்கள். பேட்டரி கிடைக்கவில்லை.

ஒருநாள் மதியம் அவள் ஷிப்ட் முடிந்து படுத்திருந்தபோது, மூன்று வீடு தள்ளி உதிரிபாகக் கடைக்காரர் வீட்டில் அவர் மனைவிக்கு அடிவிழும் சத்தம் கேட்டிருக்கிறது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழகிய சத்தமாம். எதற்கெல்லாமோ ஓடி வருகிறவர்கள் அதற்கு மட்டும் வருவதில்லை என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் போய்க் கதவைத் தட்டினாள். கடைக்காரர் திறந்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்றார். "எனக்கு ஒரு வேலையும் இல்ல. இங்கயே நிக்கறேன்" என்றாள். நின்றாள். கண்டக்டரம்மா தன் வாசலிலிருந்து, வேண்டாம் வந்துவிடு என்று கையாட்டினார். அவரையும் முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு யாரோ போன் செய்து போலீஸ் வந்தது. அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதமே திரும்பியும் வந்துவிட்டாள். அதற்காக அவள் மேலும் அக்காவுக்குக் கோபம். இருந்தாலும் தினமும் வேலைக்குப் போகும்போது அந்த ஜன்னலைத் தட்டி ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். கடைக்காரர் இப்போது அக்காவைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அவள் பதில் வணக்கம் வைப்பதில்லை.

போன மாதம் அண்ணன் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அண்ணன் நேரடியாக அக்காவுக்கே போன் செய்தான். மகளுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும், உனக்குத்தான் தெரியும், நீ ஒரு தடவை வந்து பார்க்கிறாயா என்று கேட்டான். அக்கா இளகவில்லை.

"வரேன். ஆனா நீயும் நடக்கணும். கார்ல உக்காந்து பாக்கற வேலை வேண்டாம்."

இரண்டு பேரும் வெயிலில் தெருத்தெருவாக அலைந்தார்கள். முட்டி வலிக்கிறது என்று அவன் ஒரு மதில் ஓரம் உட்கார்ந்தபோது, அந்த வீட்டு ஆள் வந்து இங்கே உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்டாராம். அந்தத் தெரு வேண்டாம் என்று முதலில் சொன்னது அண்ணன்தான்.