மூன்று முதலாளிகளும் இடைவேளைக்குப் பிந்திய றீலும்

எங்கள் அக்கா தெமட்டகொடை ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் கிளார்க் வேலை. எஞ்சின்கள் பெருமூச்சு விடும் அந்த வளவில் நேரம் அறிய எவரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை, அக்காவைக் கேட்டார்கள். எந்த ரயில் போனது, எது பிந்தியது, எது இனி வராது என்பதெல்லாம் பாவாடை கட்டிய வயதிலேயே அவருக்குத் தெரியும். வருகிறவற்றுக்காகக் காத்திருப்பதும் வந்ததும் சரிபார்த்து அனுப்பிவைப்பதும் அவருடைய இரத்தத்தில் அப்போதே கலந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு. குவாட்டர்ஸை விட்டுக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளுக்கு வந்தோம். அம்மா தையல் மெசினில் குனிந்தார். அக்கா தட்டெழுத்து வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குக் ‘கொம்பனி’ என்று மட்டுமே பெயர். இந்தியாவிலிருந்து தமிழ்ப் படங்களை வருவித்து, கொட்டாஞ்சேனையில் ஒன்றும் வெள்ளவத்தையில் ஒன்றுமாகத் தனது இரண்டு தியேட்டர்களில் ஓட்டிய கொம்பனி. அக்காவின் முப்பத்தைந்து வருடங்கள் அதற்குள்தான் போயின. என் பள்ளிக்கூடச் சப்பாத்து, அம்மாவின் கண் ஒப்பரேசன், என் கலியாணக் கூறை எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தன.

அந்தக் கொம்பனியை அடுத்தடுத்து ஆண்ட மூன்று பேரை அக்கா பார்த்தார். வேலை முடிந்து வந்து, காலை நீட்டிப் பிளேன்டீ குடித்தபடி அவர் அந்த மூவரையும் நிறுத்துப் பார்ப்பதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தராசு. படம் பாதியில் நின்றால், தலைவர் எங்கே நிற்கிறார்?

முதலாமவர் பெரிய முதலாளி. கொம்பனியைத் தொடங்கியவர், தமிழ்நாட்டு வழிவந்த செட்டியார்தெரு வியாபாரி. படம் அறுந்து, விளக்கு எரிந்து, சனம் விசிலடிக்கத் தொடங்கினால், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே மேடையேறித் திரைக்கு முன்னால் நிற்பாராம்.

“ஐயாமாரே, அறுந்தது பிலிம்தான். நான் இங்கதான் நிக்கிறேன். யாரும் எந்திரிக்க வேணாம், டீ வருது!”

டீ வரும். படமும் வரும். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனைத் தியேட்டரின் முன்பக்கம் எரிந்தது. ஊரடங்கு தளர்ந்த காலையில் அதே வேட்டியுடன் கரிந்த கதிரைகளின் நடுவே நின்று, “படம் நின்னிருக்கு, அவ்வளவுதானே?” என்றாராம். அக்கா அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைப்பார், அடுத்த நிமிடமே அவருடைய குறையையும் சொல்லிவிடுவார். “ஒரு துண்டுக் கடதாசியிலை ஒண்டும் எழுதமாட்டார். எல்லாம் அவற்றை மண்டைக்குள்ளை. அவர் இருமினால் கொம்பனி காய்ச்சலிலை படுத்திடும்.”

அவர் காலமானபின் மகன் வந்தார், சின்ன முதலாளி. லண்டனில் படித்தவர், சனத்தைக் கண்டால் கூச்சம். படம் நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதிய சிலைட் திரையில் விழும். அவரோ பின்படியால் ஒப்பரேட்டர் அறைக்கு ஓடி, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிலிம் ஒட்டுவார். யுத்தத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதிதான் வரலாயிற்று. ஒரு பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஒரே நாளில் ஓட்ட ஒரு நேர அட்டவணை போட்டவர் அவர்தான். வெள்ளவத்தையில் முதலில் தொடங்கும், ஒன்றரை மணிநேரம் பிந்திக் கொட்டாஞ்சேனையில். ஓடி முடிந்த றீல்கள் தகரங்களில் அடைபட்டு, சிங்களச் சாரதி சிறில் அய்யேயின் ஓட்டோவில் காலி வீதி வழியே வரும். வெள்ளவத்தை முனையில் அவற்றை ஏற்றி அனுப்பிய இளைஞரைத்தான் பின்னால் நாங்கள் அத்தான் என்று கூப்பிட்டோம். தகரத்துக்குள் வேறு சில கடதாசிகளும் பயணம் செய்தன என்பது கலியாணப் பேச்சு வந்தபின்தான் அம்மாவுக்குத் தெரியும்.

சின்ன முதலாளியைப் பற்றி அக்காவின் தீர்ப்பு: “தங்கமான மனுசன். முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் ஒரு கமிட்டி போடுவார். கமிட்டியிலை ஆர்? அவர், நான், ஒப்பரேட்டர் ஜபார் நானா. நானா நித்திரை.”

கிராண்ட்பாஸிலிருந்து சைக்கிளில் வரும் ஜபார் நானா இதைக் கேட்டால், “நித்திரயில்ல மிஸ், யோசின” என்பார்.

சின்ன முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போனபின், நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை நியமித்தார்கள். இரத்மலானையில் ஒரு பிஸ்கற் கொம்பனியை நடத்திய யாழ்ப்பாணத்தவர். எல்லாரும் அவரை எம்.டி. என்றார்கள். கையில் எப்போதும் ஒரு ஸ்டொப் வோச். படம் நின்றால் அவர் மேடையிலும் நிற்பதில்லை, மேல் அறையிலும் நிற்பதில்லை; அலுவலகத்தில் இருந்தபடி, “எத்தினை நிமிசம் நிண்டது? ஆற்றை பிழை?” என்று போனில் கேட்பார். அக்கா காரணம் சொல்லத் தொடங்கினால், “மிஸ், எனக்குக் கதை வேண்டாம். நிமிசத்தைச் சொல்லுங்கோ” என்பார்.

“இவர் படத்தையும் பிஸ்கற் மாதிரிப் பெட்டியிலை அடுக்கப் பாக்கிறார்” என்று சிரித்த அக்கா, அந்த வாயாலேயே, “ஆனால் உண்மையைச் சொல்லவேணும். இவர் வந்தபிறகுதான் பொம்பிளையளின்ரை கக்கூசிலை தண்ணி வந்தது. மற்ற ரெண்டு பேருக்கும் அது கண்ணிலை படேல்லை” என்பார். ஒருவரையும் முழுக்கத் தள்ளிவிடாத தராசு அது.

அப்படியிருக்க, எம்.டி. ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். சோதனைச்சாவடிகளால் கொட்டாஞ்சேனையில் படம் அடிக்கடி நிற்கிறது. சனம் கதிரை உடைக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை காட்சி குழம்பினால் தியேட்டரை மூடி, கட்டடத்தைச் சாமான் களஞ்சியத்துக்குக் கொடுத்துவிடுவது என்று. அங்கே வேலை செய்த பதினொரு பேரில் ஒன்பது பேர் தமிழர். கொழும்பில் வேலை செய்யும் இடத்தின் கடிதம் இல்லாமல் தமிழர் செய்யவேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்குப் போனால் எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்பது அந்த நாட்களில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று அக்கா பிளேன்டீயைத் தொடவில்லை.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தப் பிற்பகல் வந்தது.

ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு அன்று கடைசி நாள். நானும் போயிருந்தேன். அரங்கு நிறைந்த சனம். பல்கனியின் கடைசி வரிசையில் எம்.டி., ஸ்டொப் வோச்சுடன். இடைவேளை விட்டதும் அக்கா வழக்கம்போல வாசற் படிக்கட்டுக்குப் போனார். சிறில் அய்யே கொண்டுவரும் பிற்பாதித் தகரங்களை இறக்குவதும், முதற்பாதித் தகரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அதே ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திருப்பி ஏற்றுவதும் அவருடைய வேலை. அது முடிய எப்போதும் இடைவேளை கழிந்தும் ஒரு கால் மணிநேரம் ஆகும். நானும் பின்னால் போனேன்.

சிறில் அய்யே வியர்த்து வழிய இறங்கினார். “மிஸ், செக்பொயின்ட்ல ஒரு டின் தரல்ல. தொறந்து பாத்தாங்க, உள்ள சுருட்டி சுருட்டி இருக்கு. பெரிய ஒபிசர் மஹத்தயா வந்து பாத்துத்தான் தருவாங்களாம்.”

“எந்த டின்?”

முதலாவது. இடைவேளைக்குப் பிந்திய முதல் றீல்.

ஜபார் நானா மேலிருந்து இறங்கி வந்தார். “அடுத்ததப் போட்டுருவமா மிஸ்? சனம் கவனிக்காது.”

“நானா, கதாநாயகன் இப்ப மறியலுக்குள்ளை, கம்பிக்குப் பின்னாலை இருக்கிறான். அடுத்த றீலிலை தங்கச்சியின்ரை கலியாண வீட்டிலை நாதஸ்வரம் ஊதுறான். கவனிக்காமல் விடுறதுக்குச் சனம் என்ன உங்கடை கமிட்டியோ?”

உள்ளே விசில் தொடங்கிவிட்டது. அக்கா தகரத் துருப்பட்ட கையை நீலச் சேலையில் துடைத்தார். எங்கள் அக்கா நாலு பேருக்கு முன்னால் வாழ்த்துக்கூடச் சொல்லாதவர். என் கலியாணத்தில் ‘நன்றி’ என்று ஒரு சொல் சொல்ல எழுந்து, சொல்லாமலே கதிரையில் இருந்துவிட்டவர். அவர் பக்கக் கதவைத் திறந்து, மேடையேறி, அந்தப் பெரிய வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். திரையில் அவர் ஒரு சின்ன நீலப் புள்ளியாகத் தெரிந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். அடுத்த றீல் வழியிலை நிக்குது. உங்களையும் என்னையும் நிப்பாட்டிறவை அதையும் நிப்பாட்டிப்போட்டினம்.”

“படத்தைப் போடு!” என்றது ஒரு குரல். இன்னொன்று, “அக்கா, நீங்கள்தான் கதாநாயகியோ?”

“இல்லையப்பா, நான் கதாநாயகியின்ரை மாமி. வாயை மூடிக்கொண்டு கேளும். கதாநாயகன் மறியலுக்குள்ளை இருந்தவன், ஓமோ?”

“ஓம்!”

“விடியக்காத்தாலை மறியலுக்கு மரக்கறி லொறி வந்தது. வெறும் சாக்குகளுக்குள்ளை ஏறிப் படுத்திட்டான். மிஞ்சின கத்தரிக்காய் நாலைஞ்சு முதுகிலை குத்துது. லொறி போகுது, போகுது... சந்தியிலை செக்பொயின்ட்.”

அரங்கு அமைதியாகிவிட்டது. அக்கா குரலைத் தடிப்பாக்கி, கையை நீட்டினார். “கோ, ஐடென்டிட்டி எக்க?”

அந்த நொடியில் ஆண்கள் பலரின் கை, ஐசி என்ற அடையாள அட்டையைத் தேடித் தானாகவே சேட் பொக்கற்றுக்குப் போனதை நான் கண்டேன். அக்காவும் தன் இடுப்பைத் தடவினார், தோளைத் தடவினார்.

“மறியல் உடுப்புக்கு ஏது பொக்கற்? அவன் என்ன செய்தான்? சாக்குக்குள்ளை கையை விட்டு, ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டினான்.”

முன்வரிசையில் ஒரு கிழவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் ஒருவர். அக்கா கத்தரிக்காயை வெளிச்சத்துக்குப் பிடித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, ஒருமுறை அதையும் ஒருமுறை முகத்தையும் பார்த்து, “ஹரி, யன்ன!”, சரி, போகலாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பை எப்படி எழுத? பாண் வாங்கப் போகும்போதும் ஐசியைத் தடவிக்கொண்டு போன ஒரு சனம், தன் பயத்தை ஒரு கத்தரிக்காயாகக் கண்டுகொண்ட சிரிப்பு. சிங்களக் குடும்பமொன்று ஓரத்தில் இருந்தது. அந்த அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். அக்கா கதையை விடவில்லை. லொறி ஒரு கோயில் வாசலில் பழுதாகி நின்றது, அங்கே நாதஸ்வரக்காரருக்குப் பல்வலி, அவருடைய குழலும் சால்வையும் கதாநாயகன் கைக்கு வந்தன. “இனி நீங்களே பாருங்கோ” என்று கையை உயர்த்தினார். ஜபார் நானா விளக்கை அணைத்தார். திரையில் கதாநாயகன் கலியாண வீட்டில் நாதஸ்வரத்தோடு தோன்றியதும், சாவடி தாண்டி வந்த சொந்தப் பிள்ளையை வரவேற்பதுபோல அரங்கமே எழுந்து கைதட்டியது.

காட்சி முடிந்து எம்.டி. இறங்கி வந்தார். அவர் ஸ்டொப் வோச்சைப் பார்த்தார். “பதினொரு நிமிசம்” என்றார். போய்விட்டார்.

மறுநாள் மூடும் கடிதம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மாதம் முடிய, அக்காவின் அறைக் கதவில் ‘மனேஜர்’ என்ற பலகை தொங்கியது. அதன்பின் யுத்தம் முடியும்வரையும் அதற்கப்பாலும், படம் நின்ற போதெல்லாம் அந்தத் திரைக்கு முன்னால் நின்றவர் எங்கள் அக்காதான். ஒருநாளும் தன்னை அந்த மூவரோடு சேர்த்து நிறுத்துப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில், கடற்காற்று கதவைத் தட்டும் மாடியில் அத்தானுடன் இருந்தார். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியிலும் தராசைக் கைவிடவில்லை. “இந்த டொக்டர் சின்ன முதலாளி, நோயாளியைப் பாக்கக் கூச்சம். அந்தக் குண்டு நேர்ஸ் பெரிய முதலாளி. அவ வந்து நிண்டாலே பாதி வருத்தம் போயிடும்.” வலியையும் அவர் அப்படித்தான் சரிபார்த்து அனுப்பிவைத்தார்.

அக்கா காலமான எட்டாம் நாள், ஊன்றுகோலுடன் ஒரு முதியவர் படியேறி வந்தார். எம்.டி.தான். தேநீர் குடித்து முடித்தபின் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, உங்கடை அக்கா அண்டைக்குச் சொன்ன றீலை நீங்கள் பிறகு எப்பவாவது பாத்தனீங்களோ?”

“இல்லை, ஐயா.”

“நான் அதுக்கு முதல் கிழமை வெள்ளவத்தையிலை பாத்தனான், நிமிசம் பிடிச்சு. அதிலை லொறியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு வக்கீல் வந்து பிணை எடுக்கிறார், ரெண்டே ரெண்டு வசனம். மிச்சம் முழுக்கப் பனிமலையிலை கனவுப் பாட்டு.”

நான் அத்தானைப் பார்த்தேன். எட்டு நாளாகச் சிரிக்காத அத்தானின் தோள் குலுங்கத் தொடங்கியது. “அவ எப்பிடிப் பாத்திருப்பா? எந்தப் படத்திலையும் அந்த றீல் ஓடேக்கை, அவ வெளியிலை படிக்கட்டிலை நிண்டு எனக்கு டின் ஏத்திக்கொண்டெல்லோ இருப்பா!”

செத்தவீடு என்பதை மறந்து எல்லாரும் சிரித்தோம்.

“தெரிஞ்சும் ஏன் ஐயா அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“செக்பொயின்ட் எண்டு அவ கையை நீட்டேக்கை என்ரை கையும் பொக்கற்றுக்குப் போனது. ஐசியோடை சேர்த்து இன்னொரு கடதாசியும் தட்டுப்பட்டுது. தியேட்டரை மூடுற கடிதம், சைன் வைச்சது. படம் குழம்பினவுடனை குடுக்கத்தான் கொண்டு வந்தனான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கத்தரிக்காய்க்கே ‘யன்ன’ சொல்லியாச்சு. அதுக்குப் பிறகு அந்தக் கடிதத்தை நான் ஆரிட்டைக் குடுக்கிறது?”

எங்கள் குடும்பத்தின் படம் பாதியில் நின்ற இந்த நாட்களில் எங்களுக்கு முன்னால் வந்து நின்ற எல்லாரையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நேரம் பாராமல் ஓடிய சிறில் அய்யேக்கு. அக்காவுக்குப் பிடித்த கஞ்சியைத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பிய ஜபார் நானாவின் வீட்டாருக்கு. மருத்துவர்களுக்கும், அந்தக் குண்டு நேர்ஸம்மாவுக்கும். சமைத்தவர்களுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், கடல்கடந்து போனில் அழுதவர்களுக்கும் எங்கள் கைகள் கூப்பியபடியே இருக்கின்றன.

அக்கா, இனி நீங்கள் படிக்கட்டில் நிற்கவேண்டாம். தகரங்களை நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம். உள்ளே போய், நல்ல கதிரையாகப் பார்த்து இருங்கள். இடைவேளை முடிந்துவிட்டது, முதல் றீல் தொடங்கப் போகிறது.