பக்கத்து வீட்டுச் சேச்சியின் நெஞ்சு

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் யாருக்கும் நோய் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வரும். நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் என்பதால், ஊரிலுள்ள அத்தனை பக்கத்து வீட்டுக்காரர்களின் நோயும் என் ஃபோனுக்கு வந்து சேரும். கூட்டுக்காரன், அதாவது சிநேகிதன், ஒருத்தனுக்கு மூலம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். கூட்டுக்காரனுக்கு எரிகிற இடம் இவருக்கு எப்படி இத்தனை துல்லியமாகத் தெரியும் என்று நான் கேட்பதில்லை. டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மதியச் சோற்றோடு அந்தக் கதையையும் சக நர்ஸுகளுக்கு விளம்பிவிடுவேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு நான் யோக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. கணவர் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளிக்காட்டுக்குப் போயிருந்தார். துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது தாடை வலித்தது. கீழ்வரிசையில் ஒரு சொத்தைப் பல் உண்டு, பழி போட வசதியாக. பழியைப் போட்டேன். துணியை உதறிக் கொடியில் போடுவதற்குள் மூச்சு வாங்கியது. மழைக்காலம், சளியாக இருக்கும். வேர்த்தது. ஐம்பது தாண்டினவளுக்கு வேர்க்காதா என்ன? நடுநெஞ்சில் அம்மிக்குழவியைச் சாய்த்து வைத்ததுபோல ஒரு கனம். அதற்கு முந்தைய நாள் தின்ற மரச்சீனிக் கிழங்கு இருக்கிறதே! வாயு, வேறென்ன.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் தொண்டை கிழியச் சொல்வது ஒன்றுண்டு. பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. தாடை வலி, முதுகு வலி, அசதி என்று புழக்கடை வழியாக நுழையும். சர்க்கரை உள்ளவள் மூச்சு வாங்குகிறது என்றால் நுரையீரலை மட்டும் நம்பி இருந்துவிடாதே, முதலில் ஈசிஜி எடு. எனக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் என் விஷயத்தில் ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனி அறையில் அடைத்து, ஒன்றோடொன்று பேசிவிடாமல் காவல் இருந்தேன்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தது. மாட்டினேன். நல்ல எண்தான் காட்டியது. மாரடைப்பிலும் அது நல்ல எண்ணே காட்டலாம் என்று எத்தனை பேரை வைதிருக்கிறேன்! அன்று அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தேன். ஏப்பம் ஒன்று வந்தது. அதற்கும் சந்தோஷப்பட்டேன். கனம் மட்டும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போய், வெறும் வாயு என்று ஆகிவிட்டால்? ஊர்க்கதையை எல்லாம் விளம்பிய அதே மேஜையில் என் கதை ஒரு மாதத்துக்கு ஓடும். அதை நினைக்கவே மானம் போனது. உயிர் போவது இரண்டாம் பட்சமாகத் தோன்றியது. மண்டையில் களிமண்.

கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிக் காஷுவாலிட்டிக்கு ஃபோன் போட்டேன். காரோடு என்ற ஊரின் மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி டியூட்டியில் இருந்தாள்.

"மக்கா, எங்க பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு ஒரு சுகமில்லாம இருக்கு" என்றேன்.

அவள் வயதைக் கேட்டாள். சர்க்கரை, பிரஷர் உண்டா என்று கேட்டாள். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, சும்மா இருந்தால் குறைகிறதா, மூச்சை இழுத்தால் கூடுகிறதா, குத்தலா அமுக்கலா? ஒன்று விடாமல் சொன்னேன். குத்தல் இல்லை, அமுக்கல். மூச்சை இழுத்தாலும் திரும்பி இருந்தாலும் மாற்றமில்லை. இவ்வளவு சுத்தமாக விவரம் சொல்ல வேறு யாரால் முடியும் என்று ஒரு பெருமை வேறு.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஃபோனை அந்தச் சேச்சியிடம் கொடுக்கச் சொன்னாள்.

நான் ஃபோனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றி, குரலை மெலிதாக்கி, ஹலோ என்றேன். ஆமாம், செய்தேன். ஐம்பது தாண்டிய, சர்வீஸ் உள்ள நர்ஸ்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆசுவாசமாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒரு வரிய மொத்தமாட்டுப் பேச முடியல்ல உங்களால. இடையில இடையில மூச்சு எடுக்கீங்க. நடக்காண்டாம், அங்கயே தரையில இருங்க. வண்டி வருது. ஃபோன வைக்காதீங்க."

இருந்தேன். வீட்டில் வேறு ஆள் உண்டா என்று கேட்டாள், இல்லை என்றேன். அப்படியானால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொன்னாள். வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுச் சேச்சி, ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள், மீன் கழுவிய கையோடு ஓடிவந்தாள்.

அன்று சாயங்காலமே திருவனந்தபுரத்தில் அடைப்பை நீக்கிவிட்டார்கள். இதயம்தான், கிழங்கு நிரபராதி. வண்டி வந்ததோ ஏற்றியதோ எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருப்பது அதற்கு முந்தைய கொஞ்ச நேரம்தான். சேச்சி என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று காரோட்டுப் பிள்ளை கேட்டது எனக்கும் கேட்டது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, அதுவரை தன் வீட்டாருக்கு என்னிடம் மருந்து கேட்டே பழகிய அந்தச் சேச்சி சொன்னாள்:

"அவ பயந்து நடுங்குதா மக்கா. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."