மூலைக்கல்லின் மூன்றாவது எண்

கொல்லையில் கொடிக்கம்பி டொய்ங்கென்று அதிர்ந்தது. மகன் நட்ட கம்பம் மறுபடி சாய்ந்து, துவைத்த துணியெல்லாம் மண்ணில் கிடந்தது.

எழுபதுகளில் ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலிலும் இதே சத்தம்தான். பந்தல் மூலையில் நட்ட கல்தூணை, அந்த மூலைக்கல்லை, ஒரு கம்பி கிழக்கே இழுத்தது, இன்னொன்று வடக்கே இழுத்தது. அப்பா மேற்கே, கல்லை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டினால் கல் வடக்கே சாயும். தெற்கே கட்டினால் கிழக்கே சாயும். நாலு நாளாக இதே கூத்து.

பியூசி படித்துக்கொண்டிருந்த நான் பொறுமையிழந்து நோட்டை எடுத்தேன். கம்பிகளின் இழுவையை அம்புகளாக வரைந்தேன்: கிழக்கே மூன்று, வடக்கே நான்கு. ஒரு அம்பின் முனையில் அடுத்ததை வைத்து வரைந்தால் குறுக்கே ஐந்து.

"அதுக்கு நேரெதிரா ஒரே கம்பி கட்டுங்கப்பா, போதும்."

பக்கத்தில் வாய்க்கால் ஓடியதால், கல்லுக்கு அருகிலேயே முளையடித்து, கம்பியை ஏறக்குறைய செங்குத்தாக இறக்கிக் கட்டினார் அப்பா. கல் சாயவில்லை. மழை பெய்ததும் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பந்தல் தொய்ந்து, பழுத்த குலைகள் சேற்றில் புரண்டன.

"ஏத்தா, கம்பி கீழயும்தான இழுக்குது. அத எங்கன எழுதிருக்க?" என்றார் அப்பா.

மேல்கீழுக்கான மூன்றாவது எண்ணை நான் எழுதவே இல்லை.

இன்ஜினியர் மகன் இப்போது கொடிக்கம்பத்துக்குத் தாளில் கணக்குப் போட்டு நீட்டுகிறான். இரண்டே எண்கள். எனக்கு வருகிற எரிச்சலில் பாதி அவன்மேல் இல்லை.