ஜீவராணிக்காகக் குளிரவைத்த கேரவன்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை பழனியாண்டிக்கு. பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விட வேண்டும். கொழுந்து குவிந்தால் சூடேறும், காற்றுப் பட்டால் ஆறும். இந்த ஒரு சாத்திரத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிடலாம் என்று நம்புகிற மனிதர் அவர்.

அவருடைய மனைவி ஜீவராணி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். இப்போது லீவில் வருகிறாள். மேடம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறாளாம். "திரும்பப் போவியா புள்ள?" என்று போனில் கேட்டார். "பாப்போங்க" என்றாள். அந்தப் 'பாப்போம்' அவர் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. அங்கே தனக்குத் தனி அறை, ஏசியில் கம்பளி இல்லாமல் தூங்கவே முடியாது என்று அவள் அடிக்கடி சொல்லியிருந்தாள். இங்கேயோ தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே ஒரு அறை, ஒற்றைக் காம்பிரா. அதிலும் பாதி அண்ணன் சின்னராசாவின் குடும்பத்துக்கு.

அந்த நேரம் பார்த்து, நீர்த்தேக்கக் கரையில் சுற்றுலா வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்ட, சக்கரம் வைத்த தகர வீடான குட்டிக் கேரவன் ஒன்றை அதன் முதலாளி கைவிட்டுப் போனார். பழனியாண்டி கேட்டதும், எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, லயத்துக்குப் பக்கத்துச் சரிவின் தலைமாட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள்.

மலையில் பிறந்தவர்களுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கேரவனின் கூரையிலும் சுவரிலும் காற்றுப் போக வைத்திருந்த துவாரங்களைப் பார்த்ததும், "வண்டி செஞ்சவன் லெச்சணத்தப் பாரு, ஊதக்காத்துக்கு வழி விட்டு வச்சிருக்கான்" என்று பழனியாண்டி உரச் சாக்கைத் திணித்து, மேலே தகரம் வைத்து ஆணி அடித்தார். ஜன்னல்களுக்கும் அதே மரியாதை நடந்தது.

பங்குனி வந்தது. இரவில் பல் கிட்டுகிற ஊர்தான், ஆனால் பகல் வெயில் தகரத்தில் விழுந்தால் அது வேறு கதை. உள்ளே வைத்த வாழைப்பழம் மத்தியானத்துக்குள் பாயசமாகிவிட்டது. இந்தச் சூட்டில் ஒரு நாள் படுத்தால் போதும், மறுநாளே அவள் குவைத்துக்குப் பெட்டி கட்டிவிடுவாள். அடைத்ததைத் திறந்துவிடலாமே என்று சொல்ல லயத்தில் ஆளில்லை. எல்லோரும் மலையில் பிறந்தவர்கள்.

பழனியாண்டி முதலில் பீலித் தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கூரைமேல் விட்டார். லயமே குடிக்கிற ஊற்றுத் தண்ணீர் அது. பக்கத்துக் காம்பிரா ராசம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"மனுசருக்குக் குடிக்கத் தண்ணியக் காணோம், ஒங்க வண்டிக்குத் தலைக்குக் குளியலா தம்பி?"

"ஜீவராணி வர்றாக்கா."

"அப்ப அவ தலையில ஊத்துங்க."

அடுத்து, தேயிலைக் கன்று வளர்க்கிற இடத்திலிருந்து பழைய பச்சை வலையை வாங்கி வந்து மேலே போர்த்தினார். உள்ளே போனவர்கள் எல்லாரும் பச்சையாகத் தெரிந்தார்கள். மஞ்சக்காமாலை தெரியும், இதென்ன பச்சக்காமாலை என்று ராசம்மா கேட்டாள். சூடு மட்டும் குறையவில்லை.

கடைசியில் தன் சாத்திரத்துக்கே வந்தார். தொழிற்சாலையில் ஓரங்கட்டிப் போட்டிருந்த வாட்டும் விசிறி ஒன்றை அங்கே பொறுப்பாக இருந்த டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி வாங்கினார். மேட்டுப்பக்கத்து ஜன்னலை மட்டும் கழற்றிவிட்டு, அதற்கு நேரே தரையில் விசிறியை நிறுத்தினார்.

ஜீவராணி ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டாள், "தூக்கம் வருதுங்க" என்றாள், கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்தாள். உச்சி வெயில். பழனியாண்டி சாமியை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

கூரையில் வழிந்த தண்ணீர் சக்கரத்துக் கல்லுக்கடியில் மண்ணைச் சேறாக்கி வைத்திருந்தது. உள்ளே புகுந்த காற்றுக்கோ வெளியே போக வழியில்லை. கேரவன் தும்ம வருவதுபோல ஒருமுறை குலுங்கியது. கல் நழுவியது. வண்டி, பச்சை வலை பின்னால் இழுபட, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாகச் சரிவில் இறங்கியது.

"முருகா, அவ உள்ள இருக்கா" என்று பழனியாண்டி பின்னாலேயே ஓடினார். செருப்பு ஒரு பக்கம், இடுப்புச் சாரம் ஒரு பக்கம். கேரவன் ராசம்மா காய்கறிக்குப் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியை நடுவாகப் பிளந்துகொண்டு போய், ஓடையோரத்து யூகலிப்டஸ் தோப்பில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. பழனியாண்டி கதவை இழுத்துத் திறந்தார்.

ஜீவராணி அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். திறந்த கதவு வழியாக ஓடைக்காற்று வந்தது.

"என்னங்க, இப்பிடிக் குளுகுளுன்னு இருக்கு?"

மூச்சு வாங்க, கழுத்தில் போஞ்சிக் கொடியோடு நின்ற பழனியாண்டிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "அங்கத்து ஏசி மாதிரி இருக்கா புள்ள?"

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கெப்படிங்க தெரியும்? ஏசி மேடம் ரூமுல. நான் படுத்தது துணி அயன் பண்ற ரூமு. ஜன்னலே கெடையாது."

"கம்பளின்னு சொன்னியே?"

"நீங்க வெசனப்படுவீங்கன்னு சொன்னேன்."

அவளுக்கு இல்லாத ஒரு மெசினோடு இத்தனை நாள் போட்டி போட்டிருக்கிறார். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதார். போனில் எத்தனையோ முறை போவியா, போவியா என்று கேட்டவர், ஒருமுறைகூடச் சொல்லாததை இப்போதுதான் சொன்னார்.

"போகாத புள்ள."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா, வண்டிய இம்புட்டுத் தூரம் தள்ளியிருக்க வேணாமே" என்றாள் ஜீவராணி. சுவரோரம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.