நடைபாதையில் மாம்பழப் பெட்டிகள்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் சிறிய கடையின் மாம்பழப் பெட்டிகளை நடைபாதையில் வைக்க, நகரசபையிடம் அனுமதி கேட்டிருந்தோம். "யாருக்கும் இடைஞ்சல் இல்லை" என்று விண்ணப்பத்தில் எழுதியது நான்தான். பதில் வருமுன்னரே பெட்டிகளை வெளியே அடுக்கியதும் நான்தான்.

ஏழு வயது மகள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டிவந்து ஒரு பெட்டியில் முட்டினாள். நன்றாக ஏசிவிட்டேன்.

மறுநாள் அவள் பெட்டிகளில் முட்டாமல் விலத்தி, சைக்கிளோடு தெருவில் இறங்கினாள். ஒரு கார் கிறீச்சிட்டு, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"அம்மா, இண்டைக்குப் பெட்டியில முட்டேல்லை!" என்றாள் பெருமையாக.

அடுத்த வாரம் அனுமதி வந்தது. நான் எழுதியதை நம்பிவிட்டார்கள்.

"இனிப் பயமில்லாமல் வெளியில அடுக்கலாமப்பா" என்றார் கணவர்.

"ஏலாது" என்றேன்.

ஏன் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.