கைரேகை மேடம்

“பியூரெட்டை அப்படியா பிடிப்பாங்க? அது என்ன பாம்பா, கழுத்தை நெரிக்கறதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது மேசைக்கு நகர்கிறார் வேதியியல் பேராசிரியை. பார்வை மாணவர்களின் முகத்தில் இல்லை, கையில். முகத்தை வைத்து யாரையும் ஏமாற்றிவிடலாம், கையை வைத்து முடியாது என்பது அவர் கட்சி. அந்தக் கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாக விழும்போது, குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவது யார், தாண்டிவிட்டு முழிப்பது யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். அவரவர் குடுவையை அவரவர்தான் கழுவ வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் இன்னொருவர் குடுவையை அவர் கழுவியதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டு முடியும் சமயத்தில் வரிசை கட்டி வருவார்கள். “மேடம், நான் அடுத்து என்ன பண்றது?” யோசிக்கவெல்லாம் மாட்டார். “உன் கைக்குப் பொறுமை இருக்கு. மேல படி.” “நீ ஒரு குடுவை கழுவறதுக்குள்ள நாலு பேர்கிட்ட ஊர்க்கதை பேசிடற. விற்பனைக்குப் போ, ராஜாவா இருப்ப.” அதனால்தான் கைரேகை மேடம் என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “நிஜமா கைரேகை பார்க்கிறவங்க காசு கேப்பாங்க. நான் ஓசி” என்பார்.

பக்கத்து அறை இயற்பியல் பேராசிரியருக்கு இது அறவே பிடிக்காது. “நமக்கு எதுக்கு மேடம் இந்த வம்பு? பாடத்தை நடத்தினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்.”

“மூணு வருஷம் பக்கத்துல நின்னு பார்த்த நான் சொல்லாம, ஏதோ கல்யாணத்துல பார்த்த மாமாவா வந்து சொல்வார்?”

ஆனால் இயற்பியல் பேராசிரியர் பயந்தது நடந்தது. போன வருஷம் பழைய மாணவன் ஒருவன் வந்தான். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஆய்வுக்கூடம் என்றால் அவனுக்கு உயிர், ஆனால் படிக்கும்போது கை நடுங்கும். “லேப் உனக்கு ஒத்துவராது” என்று சொல்லி விற்பனைக்குத் திருப்பிவிட்டவர் இவர்தான். அன்று விளிம்புவரை நிறைந்த டீயை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான்.

“கை நடுக்கம் எப்படா நின்னுது?”

“அதுவா மேடம்? அப்பல்லாம் ரெண்டு பஸ் மாறி வரணும். காலையில சாப்பிட நேரமே இருக்காது. நான்கூட பயம்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.” சிரித்துக்கொண்டே சொன்னான். கோபதாபம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறான். போகும்போது ஆய்வுக்கூட வாசலில் நின்று, அந்த வாசனையை ஒருதரம் ஆழமாக இழுத்துவிட்டுப் போனான். அன்று முழுக்க பேராசிரியை யார் கையையும் பார்க்கவில்லை.

“இப்பவாவது நிறுத்துங்க” என்றார் இயற்பியல்.

“எதுக்கு நிறுத்தணும்? கையை மட்டும் பார்த்தேன், அதான் தப்பு. சொன்னது தப்பில்ல.”

இன்று மூன்றாவது மேசையில் நிற்பவள் இறுதியாண்டுப் பெண். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று இன்று மாலை நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு அலுவலக வேலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். “எனக்கு லேப்தான் பிடிச்சிருக்கு மேடம். ஆனா கை வரமாட்டேங்குது. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா விட்டுடறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் கை நடுங்கி, பியூரெட்டின் திருகு வழுக்கி, குடுவை முழுக்க அடர்சிவப்பாகிவிட்டது. அத்தனை மேசையும் திரும்பிப் பார்த்தது. வாசலில் சாய்ந்தபடி இயற்பியலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில என்ன சாப்பிட்ட?”

“டீ மேடம்.”

“நேத்து ராத்திரி?”

பெண் தரையைப் பார்த்தாள்.

“என் ரூமுக்குப் போ. மேசை மேல டப்பா இருக்கு. எனக்கு மிச்சம் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். முழுசா முடிச்சுட்டு வா.”

“மேடம், நாலு மணிக்குள்ள...”

“மணி ஒண்ணுதான் ஆகுது. போ போ.”

அவள் போன பிறகு இயற்பியல் உள்ளே வந்தார். “அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

பேராசிரியை சிவந்துபோன குடுவையை எடுத்துத் தொட்டியில் கொட்டி, தன் கையாலேயே மூன்று முறை அலசினார். பியூரெட்டைக் கழுவி நிரப்பினார். பிறகு கண் அதன் மட்டத்துக்கு வரும்படி குனிந்து, திரவம் பூஜ்யக் கோட்டில் வந்து நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக இறக்கி, திருகை அந்தப் பெண் நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.