கீழே விட்ட வெள்ளை

கடலோர ஊரான அரிப்பின் சந்தியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுபாஜினி, உயிரோடு இருப்பவரின் படத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அளவையும் ஓரத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். வந்தவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இறந்தவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடிக்கும் படங்களில் கீழே ஒரு வெள்ளைப் பட்டை விடவேண்டும். பிறந்த திகதியும் இறந்த திகதியும் அதில்தான் வரும். ஒருநாள் காலை அப்படியொரு படம் அடித்தவள், கணினியில் அந்த அமைப்பை மாற்ற மறந்துபோனாள். அடுத்து வந்தவன் கடலுக்குப் போகும் சீலன். புதுவீட்டுச் சுவரில் மாட்டத் தன் படத்தைப் பெரிதாகக் கேட்டான். படம் வெள்ளைப் பட்டையோடு வந்து விழுந்தது.

சுபாஜினி தாளை அவசரமாகக் கவிழ்த்து வைத்தாள். பட்டையை நீக்கி, ஓரமில்லாமல் என்று தெரிவுசெய்து, மறுபடி அடித்தாள். திரையில் தாள் நிறையச் சீலன் சிரித்தான். கைக்கு வந்த தாளில் பட்டை அப்படியே இருந்தது. இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது பழகிய தொழில் இது. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

“விடுங்கோ அக்கா, பிரேமுக்குள்ள மறைஞ்சுபோகும்” என்று அவன் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த மாரிகாலத்தில் அவன் உடல் கரை ஒதுங்கியது.

பிரேமிலிருந்து கழற்றிய படத்தோடு அவன் மனைவி வந்தாள். புதிதாக அடித்துத் தருவதாகச் சுபாஜினி சொன்னாள்.

“வேண்டாம் அக்கா. நீங்கள் அப்பவே இடம் விட்டுத் தந்தனீங்கள்தானே. திகதியை மட்டும் போட்டுத் தாங்கோ.”